டெப்ஸ் கையெழுத்துப் போடாத ஒரே புத்தகம்

நெல்டா கோவாலிக்கின் சமையலறை ஓவனில், நான் குடிவந்த நாள் முதல், ஒரு ரொட்டித் துண்டுகூட வெந்ததில்லை. உள்ளே இரண்டு தட்டு நிறையக் கவிதைப் புத்தகங்கள். வீட்டிலேயே ஈரம் ஏறாத இடம் அதுதான் என்பது அவள் கட்சி. விரிகுடாவிலிருந்து பனிமூட்டம் கிளம்பி வந்து சுவரெல்லாம் வேர்க்கும் எங்கள் பெர்க்லியில் அது நியாயம்தான். ஆனாலும் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவள் நான், எனக்குத் திகில் இருக்காதா? ஓவனின் திருகுகளை எல்லாம் பிடுங்கி எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். "கேக் பண்றேன்னு என்னைக்காவது நீ கிளம்பிடுவே, கோமு. உன்னை நம்ப முடியாது" என்று எனக்குத்தான் திட்டு.

என் பெயர் கோமதி. நெல்டாவின் நாக்கு அவ்வளவு தூரம் போகாது. கணவர் பல்கலைக்கழக வேலை என்று கூட்டிவந்தார், வேலையும் முடிந்தது, அவரும் போய்ச் சேர்ந்தார். நான் மட்டும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். ஊருக்குத் திரும்பலாமே என்று கேட்பவர்களிடம், நெல்டாவுக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டுமே என்பேன். பொய்யில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள், ஓய்வுபெற்ற மறுநாள் முதல் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு என் ஓட்டத்தைக் குறை சொல்வது மட்டும் சபதத்தில் சேராதாம்.

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே பிறந்தவள் அவள். ஊர்வலம் போனால் வியட்நாம் போர் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பத்தொன்பது வயதில் லாரி லாரியாகத் தொற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தாள். போர் நிற்கவில்லை. பசி வந்தது. பஸ் ஓட்டப் போனாள். அந்தப் பஸ்ஸின் கடைசி இருக்கையில், தலைக்கு எண்ணெய் என்பதையே அறியாத பையன்கள் ஏறி உட்கார்ந்து கவிதை படிப்பார்கள். காதலில் தோற்றோ, நிறுத்தத்தைத் தவறவிட்டோ, புத்தகத்தை இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடுவார்கள். யாரும் தேடி வரமாட்டார்கள். டிப்போவில் கேட்டால், கவிதைதானே, நீயே வைத்துக்கொள் என்றார்களாம். அப்படிப் பிடித்த பைத்தியம் இது.

அந்தக் காலத்தில் இவர்களுக்குப் பதிப்பகம் என்றால் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின், ஒரு ஸ்டேப்ளர், ஒரு காதலி. அட்டையில் கவிஞன் பெயர் வரும். மெஷினின் கைப்பிடியைச் சுற்றியவள் பெயர் எங்கேயும் வராது. அன்றைக்குப் பூங்காவில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத அந்த மெல்லிசுப் புத்தகங்களை, இன்றைக்கு இந்தச் சேகரிக்கும் கூட்டம் கண்ணாடி உறையில் போட்டு, மூச்சுப் படாமல் வைத்திருக்கிறது. வாசிக்கவும் மாட்டார்கள், புத்தகத்தின் முதுகு மடிந்துவிடுமாம். நெல்டா ஒருத்திதான் வாசிப்பவள். வெங்காயம் நறுக்கும்போது உரக்க வாசித்துவிட்டு, "என்னமா எழுதியிருக்கான் பாரு, ஒரு எழவும் புரியல!" என்று சந்தோஷமாகச் சொல்லுவாள்.

இந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், லெஸ்டர் ஹாப் வீட்டுக் கார் ஷெட்டில் கூடும். லெஸ்டர் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவன். அவனவன் ஒரு புத்தகத்தை மேசையில் வைத்து, அது எங்கே எப்படிக் கிடைத்தது என்று கதை சொல்ல வேண்டும். வாங்கியதோ, பொறுக்கியதோ, கெஞ்சியதோ, எதுவும் செல்லும். திருடியது மட்டும் செல்லாது. இளமையில் எல்லோருமே கடைகளில் கைவைத்தவர்கள் என்பதால் இந்த ஒரு விதியில் மட்டும் அவ்வளவு கறார். திருட்டுப் புத்தகம் என்று தெரிந்தால் அது எந்த வருஷமும் மேசைக்கு வர முடியாது.

யாருடையது சிறந்தது என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். ஜெயித்தவருக்கு மூக்கு உடைந்த ஒரு பிளாஸ்டர் புத்தர் சிலை. அடுத்த செப்டம்பர் வரை அவர் வீட்டில் இருக்கும். பல வருஷமாக லெஸ்டர்தான் ஜெயித்து வருகிறான். ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகட்டும், அந்தப் புத்தரைக் கொண்டுபோய்க் கழிப்பறையில், தண்ணீர்த் தொட்டி மேல் வைத்திருக்கிறான்! நெல்டா ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வரவேற்பறை ஜன்னலோரம் புத்தருக்கென்று ஒரு பலகை அடித்து, தினமும் தூசி தட்டி, காலியாகவே வைத்திருந்தாள். அந்தக் காலிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இந்த ஜூலையில் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வேண்டாத சாமானை அட்டைப்பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி நடைபாதையில் வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ரஸ்ஸல் தெருவில் பச்சை வீட்டு வாசலில் அப்படி ஒரு பெட்டி. பெட்டியைக் கண்டால் நெல்டா நிற்காமல் போகமாட்டாள். ஒரு வாஃபிள் சுடும் கருவி, அதன் கீழே இரண்டு சமையல் புத்தகங்கள், அவற்றுக்கு நடுவில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம். 'நாய்களுக்கான வானிலை அறிக்கை', எழுதியவர் ஆரின் டெப்ஸ். முதல் பக்கத்தைத் திறந்தவள், அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"என்னடி, மாரு கீரு வலிக்குதா?"

"கோமு, இதுல கையெழுத்து இல்லடி."

"இல்லேன்னா தூக்கிப் போட்டுட்டு வா. வாஃபிள் மெஷினையாவது எடுத்துக்கலாம்."

"அடி அறிவுகெட்டவளே! டெப்ஸ் புத்தகத்துல கையெழுத்து இல்லடி!"

டெப்ஸைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். எண்பது தாண்டியும் தெருத்தெருவாக நடக்கிற மனுஷன். சட்டைப்பையில் எப்போதும் பேனா. பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து, "என் புத்தகம் இருக்கா?" என்பார். இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஏற்கனவே போட்டிருந்தால், அன்றைய கையெழுத்து சரியில்லை என்று இன்னொன்று போடுவார். நூலகப் பிரதியில் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவர், அலமாரியில் தன் புத்தகத்தைக் கண்டு, மணமக்களைக் காக்க வைத்துவிட்டுப் போட்டார் என்றும் பேச்சு. அந்த மஞ்சள் புத்தகம் அறுபத்தேழாம் வருஷம் அச்சானது. அதில் அவர் கை படாத ஒரு பிரதி உலகத்தில் இல்லை என்பது இந்தக் கூட்டத்தின் வேதம்.

இரண்டு மாதம் நெல்டா அந்தப் புத்தகத்தோடு பட்ட பாடு இருக்கிறதே! தெருவில் டெப்ஸ் வருவது தெரிந்தால் ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். ஓவனுக்குள் இருப்பதை அந்தக் கிழவர் மோப்பம் பிடித்து வந்துவிடுவார் என்று பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் செய்த எலுமிச்சைச் சாதமும் மடியில் புத்தகமுமாகக் காரில் வந்து இறங்கினாள். லெஸ்டரின் கார் ஷெட்டுக்குள் காலை வைத்தவள், வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். மூலையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் ஆரின் டெப்ஸ்.

"விருந்தாளி!" என்று லெஸ்டர் கைகளை விரித்தான். "இந்த வருஷம் நிஜக் கவிஞர் ஒருத்தரையே கூட்டிட்டு வந்துட்டேன். என்ன நெல்டா தாயே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"உன் மூஞ்சியைப் பாத்தா வேற எப்படி நிக்கறது?" என்றாள் நெல்டா. பிறகு என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னாள். "கெழவருக்கு லெமனேட் குடு. குடுத்துட்டே இரு. அவர் பாத்ரூம் போற நேரத்துல நான் மேசைல வச்சு, ஓட்டு வாங்கி, புத்தகத்தைத் திருப்பி எடுத்துடறேன்."

"பாவம்டி, வயசானவர்."

"வயசானவர்ங்கறதாலதான் சொல்றேன்!"

நானும் ஊற்றினேன். மனுஷன் நல்ல குணம், கொடுத்ததையெல்லாம் குடித்தார். இதற்குள் லெஸ்டர் தன் புத்தகத்தை மேசையில் வைத்தான். அந்தக் காலத்தில் ஆபாசம் என்று போலீஸ் பறிமுதல் செய்த ஒரு கவிதைத் தொகுப்பு. நீதிமன்றச் சாட்சிப் பொருள் என்ற அட்டைச்சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நெல்டாவின் முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து டெப்ஸ் எழுந்து, வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். நெல்டா பாய்ந்து போய் மஞ்சள் புத்தகத்தை வைத்து, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். லெஸ்டர்தான் முதலில் சுதாரித்தான்.

"போலி" என்றான்.

"என்னது?"

"டெப்ஸ் கையெழுத்து இல்லேன்னா அது டெப்ஸ் புத்தகமே இல்ல. எவனோ பின்னாடி ரோல் சுத்தி அடிச்சிருக்கான். நிஜமானதுன்னு யார் சொல்லுவா?"

சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரிடம் புத்தகத்தைக் கொடுத்தால் பேனாவை எடுத்துவிடுவார். நிஜம் என்று ஆகும்போதே அதன் மவுசு போய்விடும். நெல்டா புத்தகத்தைச் சட்டென்று மூடினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது.

"ஆரின், இங்க வாங்க!" என்று லெஸ்டர் கூப்பிட்டான். அவன் குரலில் இருந்த குஷியைக் கேட்டு எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

டெப்ஸ் வந்தார். மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் கை தானாகவே பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டது. நெல்டா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பது வருஷம் பஸ் கியரைப் பிடித்த கை அது.

"பெரியவரே, பேனாவை உள்ள வையுங்க."

"என் புத்தகம்மா இது."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். முதல்ல பாருங்க."

அவர் பார்த்தார். பக்கங்களைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, ஸ்டேப்ளர் பின்களைக் கட்டைவிரலால் தடவினார். பின்களின் கால்கள் உள்பக்கம் மடங்காமல் வெளிப்பக்கம் மடங்கியிருந்தன. பேனாவை மூடினார். நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது.

"இடக்கைக்காரி" என்றார். "எப்பவும் தலைகீழாத்தான் குத்துவா. மத்ததையெல்லாம் நான் பிரிச்சுத் திருப்பிக் குத்தினேன். அவளோடதைத் தொட விடல. ரமோனா."

அவரே சொன்னார். "மெஷினை அவதான் சுத்தினா. இவளுக்கு ஒரு கையெழுத்துப் போடலாம்னு போனேன். கையில ஒண்ணு போட்டா. 'ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் உன்னைப் பார்த்ததுக்குச் சாட்சி வேணும், எனக்கு எதுக்குடா? தினம் என் பாத்ரூம்லதானே ஷேவ் பண்றே'ன்னா." சிரித்தார். "அப்புறம் ஒரு பல் டாக்டரோட போயிட்டா. ரஸ்ஸல் தெருவுல, பச்சை வீடு. போகும்போது என் படம், என் கடுதாசு, எல்லாத்தையும் விட்டுட்டுப் போனா. இதை மட்டும் எடுத்துட்டுப் போனா. வீடு முழுக்கத் தேடினேன், இது இல்ல. இதையாவது எடுத்துட்டுப் போனாளேங்கற அந்த ஒரு நினைப்புலயே நாப்பது வருஷம் ஓட்டிட்டேன்."

பச்சை வீடு என்றதும் நெல்டா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

லெஸ்டர் நல்லவன்தான், தோற்றதை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன். மூக்கில்லாத புத்தரை இரண்டு கையாலும் தூக்கி நெல்டாவின் பக்கம் நகர்த்தினான். "நிஜமானதுதான். புத்தர் உனக்குத்தான் தாயே. கதையை மட்டும் சொல்லிடு."

டெப்ஸும் அதையேதான் கேட்டார். "ஆமா, அவகிட்ட இருந்தது உன்கிட்ட எப்படி வந்தது?"

ஒரே ஒரு வார்த்தை. பெட்டி என்று சொன்னால் போதும். நெல்டா புத்தரைப் பார்த்தாள், அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தாள்.

"திருடினேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நிறுத்தவில்லை. "பழைய சாமான் விக்கறாங்கன்னு அந்த வீட்டுக்குள்ள போனேன். படுக்கை பக்கத்துலயே வச்சிருந்தா. கேட்டேன், குடுக்கல. கெஞ்சினேன், போடி வெளியேன்னா. அவ திரும்பின நேரம் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

"கத்தினாளா?" என்று கேட்டார் டெப்ஸ். கண்ணெல்லாம் பளபளத்தது.

"கத்தினாளாவா? கேட் வரைக்கும் துரத்தினா. என்னென்ன வார்த்தை! பஸ்ல முப்பது வருஷம் கேக்காததையெல்லாம் அன்னிக்குக் கேட்டேன்."

"அவதான்!" என்று தொடையைத் தட்டினார். "அவளேதான்!"

லெஸ்டர் புத்தரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "விதின்னா விதி. திருட்டுப் புத்தகம் மேசைக்கு ஆகாது. இனி எந்த வருஷமும் ஆகாது. உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல நெல்டா." மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை அக்கா அக்கா என்றவர்கள்! அத்தனை பேரையும் உட்கார வைத்து உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. நெல்டா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அத்தோடு விட்டாரா அந்த மனுஷன்? "திருடினதைத் திருப்பிக் குடுத்துடு" என்றார். "அவ தேடிட்டிருப்பா. நம்பர் என்கிட்ட இருக்கு, இத்தனை வருஷமா கூப்பிட ஒரு காரணம் கிடைக்கல. சூப்பைக் குடிச்சிட்டு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், புத்தகம் வருதுன்னு."

நெல்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "லெஸ்டர், பெரியவருக்கு இன்னொரு கிண்ணம் சூப் ஊத்து. பெரிய கிண்ணமா!" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை ஒரு கையிலும் என்னை இன்னொரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"ஓட்டுடி! அவர் போன் பண்ணா, அவ 'எந்தப் புத்தகம், அதையா? குப்பைல போட்டேனே'ன்னு சொல்லிடுவா. ஓட்டுடி சனியனே, மஞ்சள் விளக்குக்கெல்லாம் எதுக்கு நிக்கறே?"

"நீயே ஓட்டேன்!"

"சபதம்!"

பச்சை வீட்டு வாசலில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. கதவைத் திறந்த அம்மாள் நெட்டையாக, தலையில் துணி கட்டி, கையில் ஒட்டு டேப்போடு நின்றாள். பல் டாக்டர் போய்ச் சேர்ந்து, வீட்டைக் காலி செய்து மகளிடம் போகிறாளாம். நெல்டா மஞ்சள் புத்தகத்தை நீட்டியதும், "கடவுளே, தூக்கிப் போட்டது திரும்பி வருதா?" என்றாள்.

நெல்டா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து, மேசை, டெப்ஸ், நாற்பது வருஷம், பஸ்காரியான தான் திருடிக் கேட் வரை துரத்தப்பட்டதாக அவரிடம் விட்ட புளுகு. ரமோனா கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அதை நான் வேணும்னு எடுத்துட்டு வந்ததா நினைச்சுட்டிருக்கானா?"

"அதுலயேதான் ஓட்டியிருக்கார்."

"அம்மா, அது எப்படி வந்ததுன்னே எனக்குத் தெரியாது. அவசரத்துல சமையல் புத்தகங்களை அள்ளிப் பெட்டில போட்டேன். அதோட சேர்ந்து வந்திருக்கும். இந்த ஜூலை வரைக்கும் அந்தப் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்ல."

உள்ளே போன் அடித்தது.

நெல்டா கும்பிடாத குறைதான். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதோ என்னவோ, நிஜமாகவே கும்பிட்டாள். ரமோனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெல்டாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, கூடத்தில் போய்ப் போனை எடுத்தாள்.

"யாரு? ...ஆரினா?" கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரல் உயர்ந்தது. "ஆமாடா, திருடிட்டுத்தான் போனா, அந்த பஸ்காரி! கேட் வரைக்கும் துரத்தினேன். செருப்புகூட அறுந்து போச்சு... இல்ல, கிடைச்சிடுச்சு. கைலதான் இருக்கு... ஏன், எடுத்துட்டுப் போகக் கூடாதா? ...போடா, நான் ஒண்ணும் அழல."

பேசிக்கொண்டே வந்து, காலால் கதவைச் சாத்திவிட்டாள்.

நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தோம். உள்ளே இருந்து பேச்சுச் சத்தம், நடுநடுவே சிரிப்பு. புத்தகத்தைப் பிரித்துப் போனில் ஏதோ கவிதையை வாசித்துக் காட்டுகிறாள் போலிருந்தது. பொழுது சாய ஆரம்பித்தது, பனி இறங்கியது, கதவு திறக்கவில்லை. எனக்கு நெல்டாவை நினைத்து அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. புத்தரும் போச்சு, புத்தகமும் போச்சு, பேரும் போச்சு.

"கதவைத் தட்டி, புத்தகத்தைக் குடுங்கன்னு கேளேன்டி" என்றேன். "அவளே வேண்டாம்னு போட்டதுதானே? உன்னோடதுதானே அது?"

நெல்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வாய் மட்டும் காதுவரை சிரித்தது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது, கோமு? நான்தான் திருடியாச்சே."